முழங்காலுக்குள் இரண்டு பிறைகள்

காப்பெல் நகரத் தமிழ் அன்பர்களின் வாழ்க்கையைச் சற்றே உற்று நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். திங்கள் முதல் வெள்ளி வரை நாற்காலியிலும் காரிலுமாகப் பொழுது கழிகிறது. சனி, ஞாயிறு வந்துவிட்டாலோ எல்லாம் தலைகீழ். காலையில் கிரிக்கெட், அல்லது புதிதாக வந்துள்ள பிக்கிள்பால். மாலையில் இர்விங் ஏக்தா மந்திரிலோ ஃபிரிஸ்கோ கார்ய சித்தி ஹனுமான் கோயிலிலோ தரிசனம், பிரதட்சிணம், நமஸ்காரம், பிறகு தரையில் சம்மணமிட்டு இரண்டு மணி நேரப் பஜனை. ஐந்து நாள் அசையாமல் கிடந்த முழங்காலிடம் இரண்டே நாளில் எல்லா வேலையையும் கேட்கிறோம். அதுவும் பொறுமையாகச் செய்துகொடுத்துக்கொண்டே வருகிறது. பிறகு ஒரு நாள், பந்தைத் துரத்தித் திரும்பும்போதோ தரையிலிருந்து எழும்போதோ, 'டக்' என்று ஒரு சப்தம். அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

டாக்டரிடம் போனால் "மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறது" என்கிறார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. அந்த மெனிஸ்கஸ் என்பது என்ன? ஆபரேஷன் செய்துகொள்ளத்தான் வேண்டுமா? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் அவசரப்பட்டவர்களும் உண்டு. அலட்சியமாக இருந்து காலைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

பிறையின் வேலை

மேலேயிருந்து வரும் தொடை எலும்பின் முனை உருண்டை. கீழேயுள்ள கால் எலும்பின் தலையோ ஏறக்குறையத் தட்டை. தட்டையான பலகைமேல் உருண்டையை நிறுத்தினால் அது ஒரு புள்ளியில்தான் தொடும். பாரம் முழுவதும் அந்தப் புள்ளியிலேயே இறங்கும். இந்தக் குறையைத் தீர்க்கவே ஒவ்வொரு முழங்காலுக்குள்ளும் பிறை வடிவில் இரண்டு ரப்பர் போன்ற குருத்தெலும்புகள் அமைந்திருக்கின்றன. உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. உருளும் குடத்துக்குக் கீழே பிரிமணை வைப்பதுபோல, இவை உருண்டையைச் சுற்றிலும் தாங்கிப் பாரத்தைப் பரப்பிவிடுகின்றன.

கால் நீட்டியிருக்கும்போது மூட்டில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியை இந்தப் பிறைகள் சுமக்கின்றன. முழங்காலைச் செங்கோணமாக மடக்கினால் அது 85 சதவீதம் வரை உயருகிறது. அதற்கும் மேல் மடக்கிக் குந்தினால், பாரத்தின் பெரும்பகுதி பிறைகளின் பின்கொம்புகளில் போய் நிற்கிறது. கிழிவுகள் பெரும்பாலும் பின்பகுதியில் ஏற்படுவதற்கு இதுவே காரணம். உட்புறப் பிறை பக்கத்து இணைப்பு நாருடன் ஒட்டியிருப்பதால் நகர்ந்துகொடுக்க இயலாது. ஆகவே அதுவே அதிகம் கிழிகிறது.

இன்னொரு செய்தியையும் மனத்தில் கொள்ளவேண்டும். வளர்ந்தவர்களின் பிறையில் வெளி ஓரத்து மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தையல் போட்டு ஆற்ற வாய்ப்பு இருக்கிறது. உள் ஓரத்துக்கு இரத்தம் எட்டுவதில்லை. அங்கே கிழிந்தது தானாக ஒட்டுவது அரிது.

கிழிவு இருவகை

முதல் வகை, இளமையின் கிழிவு. பாதம் தரையில் பதிந்திருக்க, மடங்கிய முழங்கால்மேல் உடம்பு திரும்பும்போது நல்ல பிறையே கிழிகிறது. கால்பந்து, கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் நம் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். 2024 ஜூன் 3-ந் தேதி பாரிஸ் நகரில் நடந்த பிரெஞ்சு ஓப்பன் ஆட்டத்தில் நோவக் ஜோகோவிச்சுக்கு வலது முழங்காலின் உட்புறப் பிறை கிழிந்தது. ஜூன் 5-ல் ஆபரேஷன் நடந்தது. ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை வந்தார். ஆகஸ்ட் 4-ல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். இதைப் படித்துவிட்டு ஆறு வாரத்தில் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று காப்பெல் அன்பர்கள் எண்ணிவிடக் கூடாது. அவருடைய வேலையே உடம்பைப் பேணுவது. அதற்கென ஒரு பரிவாரமே உடன் இருக்கிறது.

இரண்டாம் வகை, வயதின் கிழிவு. நாற்பதைக் கடந்தபின் பிறை மெல்ல உலர்ந்து, பழைய வேட்டி மடிப்பில் நைவதுபோல நைகிறது. பெரிய அடி எதுவும் வேண்டியதில்லை. கார் சீட்டிலிருந்து திரும்பி இறங்கினாலே போதும். ரோஜர் ஃபெடரர் 2016 ஆஸ்திரேலிய ஓப்பனில் எத்தனையோ ஆட்டங்கள் ஓடியாடினார். தோற்ற மறுநாள், தம் குழந்தைகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் திறக்கப் போய்த் திரும்பியபோதுதான் முழங்காலில் சப்தம் கேட்டது. அப்போது அவருக்கு வயது 34. பிப்ரவரியில் ஆபரேஷன் நடந்தது. அடுத்த ஆண்டு அதே ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார் என்றாலும், 2020-லும் 2021-லும் முழங்காலுக்காக மீண்டும் மீண்டும் சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. 2022-ல் ஓய்வு பெற்றார்.

தரையிலிருந்து எழுந்த அம்மையார்

மூன்றாவதாக ஒன்று உண்டு. வயதின் கிழிவிலேயே அது தனி ரகம்; நம் குடும்பங்களில் அடிக்கடி தப்பிப்போவது. ஒரு தனி நபரின் கதையாக அல்லாமல், டாக்டர்கள் பலமுறை கேட்கும் வரலாறாக இதைக் கொள்ளவேண்டும்.

மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். சற்றுப் பருத்த உடம்பு. விளக்கேற்றிக் கும்பிட்டுத் தரையிலிருந்து எழும்போது முழங்காலின் பின்பக்கம் 'பட்'டென்று ஏதோ அறுந்தாற்போல் இருக்கிறது. அன்றிரவு வீக்கம். மகளுக்குச் சொன்னால் கவலைப்படுவாள், மாப்பிள்ளைக்கு வீண் செலவு, பார்வையாளர் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்குமோ கொடுக்காதோ என்று பலவும் எண்ணி, தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார். மூன்று வாரம் கழித்து நொண்டுவது தெரிந்து டாக்டரிடம் அழைத்துப்போனால், எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. "வயதாகிவிட்டது, தேய்மானம்" என்று எல்லோரும் சமாதானம் அடைகிறார்கள்.

நடந்தது தேய்மானம் அன்று. பிறையை எலும்புடன் கட்டிவைத்திருக்கும் வேர் அறுந்திருக்கிறது. பீப்பாயின் இரும்பு வளையம் ஒரிடத்தில் தெறித்தால் பலகைகள் விரிந்துவிடுவதுபோல, வேர் அறுந்த பிறை பாரம் ஏறும்போது வெளியே பிதுங்கிவிடுகிறது. பிறை முழுவதையும் எடுத்துவிட்டதற்கு இது சமம். அடியிலுள்ள எலும்பு தாங்காமல் நுண்முறிவு காண்பதும் உண்டு. தரையில் அமர்ந்து எழும் வழக்கமுள்ள ஆசிய நாடுகளின் நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம் என்பதைக் கொரிய, ஜப்பானிய டாக்டர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் இது தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். குருத்தெலும்பு கெடுவதற்கு முன் கண்டுபிடித்தால், தகுந்தவர்களுக்கு வேரை மீண்டும் எலும்பில் பதித்துத் தைக்க முடியும். காலம் கடந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். ஆகவே, தரையிலிருந்து எழும்போது 'பட்'டென்ற சப்தமும், பின்பக்கத்து வலியும், வீக்கமும் சேர்ந்து வந்தால் தைலத்தோடு நிற்கலாகாது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

மெனிஸ்கஸ் கிழிவு யாருக்கு வருகிறது என்பதைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 2013-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயதின் கிழிவுக்கு உறுதியான காரணங்களாக அவர்கள் கண்டவை நான்கு: 60 வயதைக் கடந்திருத்தல், ஆணாக இருத்தல், தொழில் காரணமாக முட்டியிடுதலும் குந்துதலும், மிக அதிகமாக மாடிப்படி ஏறுதல். திடீர்க் கிழிவுக்குக் கால்பந்தும் ரக்பியும் முக்கியக் காரணங்கள்.

இதில் பெற்றோர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றும் இருந்தது. முழங்காலின் நடுவேயுள்ள ஏ.சி.எல். என்னும் இணைப்பு நார் அறுந்தவர்கள், அதைச் சரிசெய்யாமல் 12 மாதங்களுக்கு மேல் தள்ளிப்போட்டால், உட்புறப் பிறை கிழியும் அபாயம் தெளிவாக உயர்கிறது. நார் இல்லாத முழங்கால் ஒவ்வொரு முறை நழுவும்போதும் பிறையைத்தான் நசுக்குகிறது. "இந்தப் பருவம் ஆடி முடிக்கட்டும், பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவது, ஓர் உறுப்பின் நோயை இரண்டாக்குவது போலாகும்.

உடல் எடையும் சேர்ந்துகொள்கிறது. முழங்கால் தேய்வுள்ள பருத்த உடம்பினர் 142 பேரை வட கரோலினாவில் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு பவுண்டு எடை குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு பவுண்டு குறைகிறது. பத்துப் பவுண்டு குறைத்தவர், அடிக்கு அடி நாற்பது பவுண்டு மூட்டையை இறக்கிவைத்தவராகிறார்.

சில குழந்தைகளுக்கு வெளிப்புறப் பிறை பிறவியிலேயே வட்டத் தட்டுப்போல் தடித்திருக்கும். ஆசிய இனத்தவரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பத்து வயதுக் குழந்தை, விழாமலே முழங்காலில் 'களுக்' என்று சப்தம் வருவதாகவும் காலை முழுவதும் நீட்ட முடியவில்லை என்றும் சொன்னால், நடன வகுப்புக்குப் போகாமல் இருக்கச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது.

எடுத்தெறிந்த காலம்

1883-ல் எடின்பரோ நகரில் தாமஸ் அன்னன்டேல் என்ற சர்ஜன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் கிழிந்த பிறையைத் தைத்துக் குணப்படுத்தினார். அந்த நல்ல வழியை உலகம் வெகுநாள் மறந்திருந்தது. பிறை என்பது உபயோகமற்ற மிச்சம் என்று கருதி, கிழிந்தால் முழுவதையும் எடுத்தெறிவதே வழக்கமாயிற்று. 1948-ல் இங்கிலாந்தின் ஃபேர்பாங்க் என்பவர், பிறையை எடுத்தவர்களின் எக்ஸ்ரே படங்களில் எலும்பு மாறுபடுவதைச் சுட்டிக்காட்டினார். ஸ்வீடனில், ஆபரேஷன் நடந்து 21 ஆண்டுகள் கழித்து நோயாளிகளைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு மூட்டுத் தேய்வு சுமார் 14 மடங்கு அதிகம். இருபது வயதில் பிறையை இழந்த ஆட்டக்காரர், நாற்பது வயதில் அறுபது வயது முழங்காலோடு நடக்கிறார் என்பதே இதன் பொருள்.

தேய்வு முற்றினால் கடைசி வழி செயற்கை மூட்டு. பிரதமராயிருந்தபோது வாஜ்பாயி அவர்கள் 2000-லும் 2001-லும் இரண்டு முழங்கால்களிலும் அதைச் செய்துகொண்டது பலருக்கும் நினைவிருக்கும். அது நல்ல சிகிச்சைதான். ஆனால் இளம் வயதில் பொருத்தினால் ஆயுட்காலத்திலேயே மறுமுறை மாற்ற நேரலாம். முன்போலத் தரையில் சம்மணமிடுவதும் பலருக்கு எளிதாயிராது.

கத்தியா, பயிற்சியா?

இப்போது இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம். பாஸ்டனுக்கு அருகேயுள்ள ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பதுகளில் உள்ள பெண்களில் 19 சதவீதத்தினருக்கும், 70 வயதைக் கடந்த ஆண்களில் 56 சதவீதத்தினருக்கும் பிறை கிழிந்திருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்திய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ இல்லை. நரைத்த தலைமுடியைப் போல, கிழிவும் பலருக்கு வயதின் அடையாளமே. படத்தில் கிழிவு தெரிகிறது என்பதனாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்ட இயலாது.

2013-ல் ஃபின்லாந்திலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னும் துணிச்சலானது. வயதின் கிழிவுள்ள 146 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆர்த்ராஸ்கோப் கருவியால் கிழிந்த துண்டை நறுக்கி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதையும் நறுக்காமல், ஆபரேஷன் நடந்ததுபோலவே பாவனை செய்தார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே குணம். ஐந்து ஆண்டு கழித்தும் நறுக்கியதால் லாபம் காணவில்லை. அதே 2013-ல் அமெரிக்காவில் 351 பேரிடம் நடந்த சோதனையில், ஆபரேஷனும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒத்த பலனே தந்தன. ஆனால் பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயிற்சி எல்லோருக்கும் போதும் என்று சொல்வதற்கில்லை. முதலில் முயலத் தக்கது என்று சொல்லலாம்.

ஆக, பொது விதி இவ்வாறு அமைகிறது. நடுவயதுக்கு மேல் மெல்ல வந்த கிழிவு என்றால், பிஸியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் இரண்டு மூன்று மாதம் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவையான வலி மருந்து. இளையவருக்கு அடிபட்டு வந்த கிழிவு என்றால், தைத்துக் காப்பாற்ற முடியுமா என்று சீக்கிரமே எலும்பு சர்ஜனிடம் காட்டவேண்டும். தையல் என்றால் சில வாரம் ஊன்றுகோல், ஆட்டத்துக்குத் திரும்பப் பல மாதம் என்பது உண்மை. நறுக்கி எடுத்தால் சில வாரங்களில் எழுந்து நடமாடலாம் என்பதும் உண்மை. அவசரத்துக்காக நறுக்கச் சொல்லும் மகனிடம், இருபது வருடம் கழித்து வரும் பில்லைப் பெற்றோர்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

உடனே டாக்டரிடம் போகவேண்டிய சமயங்களும் உண்டு. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமற்போனால், கிழிந்த துண்டு நடுவில் சிக்கியிருக்கலாம். காலை ஊன்ற முடியாவிட்டாலும், நடக்கும்போது முழங்கால் நழுவினாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு முழங்கால் சுட்டுச் சிவந்து வீங்கினால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்திருப்பதாக இருக்கலாம். அன்றே எமர்ஜென்ஸிக்குப் போகவேண்டும். சென்னையிலிருந்து நீண்ட விமானப் பயணம் செய்து வந்த பெரியவருக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், முழங்காலுக்குப் பின்னுள்ள நீர்க்கட்டி உடைந்ததாகவும் இருக்கலாம், இரத்தக் குழாயில் கட்டி உறைந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது உயிருக்கு ஆபத்தானது. தேய்த்துவிட்டுப் பார்ப்போம் என்று இருக்கலாகாது.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் வலி மாத்திரைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களும், இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் முதலியவற்றை டாக்டரைக் கேளாமல் நாள்கணக்கில் விழுங்கக் கூடாது.

வருமுன் காத்தல்

தொடையின் முன்தசைதான் முழங்காலுக்குக் காவலாளி. மல்லாந்து படுத்து, ஒரு காலை நேராக நீட்டி ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது. கைப்பிடி பற்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இவ்விரண்டையும் காலை மாலை பத்துப் பத்து முறை செய்தாலே காவல் பலப்படும். நடை, சைக்கிள், நீச்சல் யாவும் நல்லவை. டெக்ஸஸ் வெயிலில் வெளியே நடக்க முடியாத மாதங்களில் கடைத்தெருக் கட்டிடத்துக்குள் நடப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

கிரிக்கெட் அன்பர்கள் காரை நிறுத்தியவுடன் மைதானத்தில் இறங்காமல், பத்து நிமிஷம் மெல்ல ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவேண்டும். நாட்டியம் பயிலும் குழந்தைகள் அரைமண்டியில் முழங்காலைப் பாதவிரலின் நேருக்கே திறக்கவேண்டும். இடுப்பு திறக்காதபோது பாதத்தை மட்டும் திருப்பினால் முறுக்கல் எல்லாம் முழங்காலில் விழும். முழுமண்டியைத் தசை பலப்பட்டபின் படிப்படியாகப் பழகுவதே நல்லது. ஊருக்குப் போய்த் திருப்பதி அலிபிரி வழியாக 3,550 படி ஏறுவதாகப் பிரார்த்தனை உள்ளவர்கள், இரண்டு மாதம் முன்பே படி ஏறிப் பழகுவதும், இறங்கும்போது பஸ்ஸில் இறங்குவதும் புத்திசாலித்தனம்.

கோயில் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மடைப்பள்ளியில் பெரிய பாத்திரத்தைத் தூக்கியபடியே உடம்பைத் திருப்பாமல், பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். குந்தி உட்கார்ந்து காய் நறுக்குவதற்குப் பதில் மேஜையில் வைத்து நறுக்கலாம்.

நல்ல முழங்கால் உள்ளவருக்குச் சம்மணமும் நமஸ்காரமும் தீங்கல்ல. தினமும் தரையில் அமர்ந்து எழுவது உடம்புக்கு நல்ல பழக்கமே. கிழிவு உள்ளவருக்குத்தான் தோப்புக்கரணமும் ஆழ்ந்து குந்துவதும் ஆகாது. அவர்கள் நின்றபடி கைகூப்பலாம். நாற்காலியில் அமர்ந்து பஜனை கேட்கலாம். பிள்ளையார் தோப்புக்கரணத்தை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் வீட்டிலுள்ள பெரியவர் நமஸ்காரம் செய்துவிட்டு எழும்போது, பக்கத்துச் சுவரைப் பிடிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பதைப் பிள்ளைகள் எண்ணவேண்டும். "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று அம்மா சொன்னால், மறுநாளே ஒரு டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துவிடவேண்டும்.